மூன்றாவது ஃபார்மேட்

எங்கள் வீட்டுக்குள் டூப்ளிகேட் எதுவும் நுழையக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு டீசல் பம்ப் செய்யும் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. பெட்டிக்குப் பெட்டி, அசல் என்று காட்டும் ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு அதிகாரி, கடைகளில் பிடிபட்ட போலி பம்ப்பை எங்கள் பம்ப்புகளோடு கலந்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார். முதலில் கை தூக்குவது நான்தான். போலியை ஏன் வாங்கக் கூடாது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லச் சொல்வார். "டூப்ளிகேட்டு நடுவழியில நிறுத்திடும்" என்பேன். எல்லோரும் கை தட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் கணவருக்கு அங்கேயே ஒரு இரும்பு ஆலையில் இரவு ஷிஃப்ட். காலையில் பொன்னேரி ஸ்டேஷனில் நான் ரயிலுக்கு நிற்கும்போது அவர் எதிர் பிளாட்பாரத்தில் வந்து இறங்குவார். கை காட்டிக்கொள்வோம். சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்குள் அவர் கிளம்பியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை தவிர எங்கள் குடித்தனம் அவ்வளவுதான்.

மீதிக் குடித்தனம் கம்ப்யூட்டரில் நடந்தது. ஊர் கட்டுகிற விளையாட்டு அது. காலையில் அவர் ரோடு போடுவார், மாலையில் நான் குழாய் இழுப்பேன். அவர் நான்கு கடை வைத்தால் நான் ஒரு பள்ளிக்கூடம் வைப்பேன். ஏரிக்கரை ஓரமாக ஒரு சின்ன வீட்டை எங்கள் வீடு என்று வைத்துக்கொண்டோம். விளையாடி எழுந்திருக்கும்போது அதன் பக்கத்தில் ஒரு மரம் நட வேண்டும். அதுதான் கணக்கு. மரத்தைப் பார்த்தால் அவர் சௌக்கியமாக இருக்கிறார் என்று எனக்கு ஒரு நிம்மதி.

முதலில் அதை வாங்க நினைத்தபோது, ஆலையில் யாரிடமோ அந்த விளையாட்டின் காப்பி டிஸ்க் இருந்ததாம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, தீபாவளி போனஸில் சென்னைக்குப் போய் ஒரிஜினல் பெட்டியே வாங்கி வந்தேன். அதன் மேலும் ஹாலோகிராம் இருந்தது. தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

போட்டவுடன் அது இன்டர்நெட் கேட்டது. நாம் வாங்கியது ஒரிஜினல்தான் என்று விளையாட்டுக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமாம். எங்கள் வீட்டில் ஏது இன்டர்நெட்? சிபியூவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் வண்டி ஓட்ட, பஜாரில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனோம். வேலை முடிந்தது.

அந்த வருஷம் கரண்ட் படுத்திய பாடு கொஞ்சமல்ல. திடீரென்று போய்த் திடீரென்று வரும், விண்டோஸ் படுத்துவிடும். எங்கள் பக்கத்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஃபார்மேட். எங்கள் ஊரை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் விளையாட்டைப் புதிதாக ஏற்ற வேண்டும், மறுபடியும் துண்டு, மறுபடியும் மடி. "இன்னாக்கா, புள்ளய தூக்கினு வந்துட்டியா?" என்று சென்டர்காரர் கிண்டல் செய்வார்.

மூன்றாவது ஃபார்மேட்டுக்குப் பிறகு டிஸ்க் மறுத்துவிட்டது. மூன்று கம்ப்யூட்டருக்குத்தான் அனுமதி, அது முடிந்துவிட்டது என்றது. எங்களிடம் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். ஒவ்வொரு ஃபார்மேட்டையும் அது ஒரு புதுக் கம்ப்யூட்டராக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. சென்டர்காரர் அந்தக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதிக் கொடுத்தார். பில்லையும் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பினோம். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. எங்கள் பொறுமைக்கு நன்றி, விதியை மாற்ற முடியாது, வேண்டுமானால் இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நாங்கள் அதை வாங்கினோமா, வாடகைக்கு எடுத்தோமா? எங்கள் பம்ப்பை ஒரு லாரியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம், பத்தாவது லாரியிலும் மாட்டலாம். எத்தனை லாரி என்று நாங்கள் கேட்பதில்லை. தப்பு எங்கள் கரண்டிலா, சர்வீஸ்காரரிடமா, விதிகளைப் படிக்காமல் ஓகே அழுத்திய என்னிடமா? யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாமல், பாவம், என் கணவர் மேல் எரிந்து விழுந்தேன். மாலையில் வெறும் திரை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஸ்டேஷனில் கை காட்டக்கூட மனசு வரவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். வேலையிலிருந்து வந்து பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரைப் போட்டு விளையாட்டை அழுத்தினேன். ஊர் திறந்தது. ஏரிக்கரை வீட்டைச் சுற்றி ஒன்பது புது மரங்கள்.

எப்படித் திறந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று நான் எதையும் தொடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"காப்பி டிஸ்க்குதாம்மா. உன் ஒரிஜினலு அலமாரியில பத்திரமா கீது. தெனம் ஊட்டுக்கு வந்தா நீ இருந்த அடையாளமே இல்ல, நான் இன்னா பண்றது?"

சண்டை போடத் தயாராக வந்த நான், அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

மறுநாள் கம்பெனியில் அந்த மாதத்துப் போலி பம்ப் வந்திருந்தது. பார்த்தவுடன் எடுத்துக் கொடுத்தேன். ஏன் வாங்கக் கூடாது என்று அதிகாரி வழக்கம்போலக் கேட்டார். "டூப்ளிகேட்டு நடுவழியில..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்களை நடுவழியில் நிறுத்தியது ஒரிஜினல்தானே? புதிதாகச் சேர்ந்த பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிக்குப் பொறுமை போய், மீதியை அவரே சொல்லி முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. செய்வது சரியா தப்பா என்று தெரியாமலே, அந்தக் காப்பி டிஸ்க்கைப் போட்டு, பத்தாவதாக என் மரத்தை நட்டேன்.