தீப்பெட்டி கேமராவும் பிலோமினாவோட கண்ணும்

படம் புடிக்கற தொழில்ல கேமராவாச்சும் பெருசா இருக்கோணும், இல்லீன்னா புடிக்கற ஆளாச்சும் பெருசா இருக்கோணும். எங்கிட்ட ரெண்டுமே இல்லீங்க. எம் பையன் ஜப்பான்ல வேலைக்கு இருந்தப்ப ஒரு பழைய சாமான் கடையில வாங்குன கேமரா இது. உள்ளங்கையில அடங்கிரும், வெலை மட்டும் ஒரு கறவ மாட்டு வெலை. போனுலயே படம் நல்லா வுழுகுதுன்னதும், "நீ வெச்சுக்கம்மா"ன்னு எந் தலையில கட்டிப்போட்டுப் போயிட்டான். உள்ள இருக்கற எழுத்து பூராவும் ஜப்பான் எழுத்து, மாத்தவே முடியாதாம். எதை அமுக்குனா என்ன வரும்னு எனக்கும் வெளங்காது, கேமராவுக்கும் வெளங்காதுன்னு நெனைக்கறேன்.

அப்புறம் எதுக்கு உன்னைய கூப்புடறாங்கன்னு கேப்பீங்க. அடிவாரத்துல பிளெக்ஸ் அடிக்கற தம்பிதான் கெளப்பி வுட்டது. போன் படத்தை ஆளுயரத்துக்கு இழுத்தா மழையில நனைஞ்ச கோலமாட்டம் கலங்கிப் போவுதாம், இந்தக் கேமரா படம் அப்படியே நிக்குதாம். அதுலருந்து எங்க மலையூரு தலைச்சோலையில காதுகுத்து, கலியாணம், புதுநன்மை எதுவானாலும் எனக்கு ஆளு வந்துரும். புள்ளைங்க குடுத்த சாமானை வெச்சுகிட்டு முழிக்கறவிங்க உங்கள்லயும் இருப்பீங்க. உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்றேன்.

மூடுன கண்ணு

பக்கத்து ஊட்டு பிலோமினாதான் எங்கூட வர்ற ஆளு. பை தூக்குவா, கொடை புடிப்பா, நான் யாருகிட்டயாச்சும் பேச ஒக்காந்துட்டா "அக்கா, படம்"னு இடிப்பா. ஆனா அவளைப் படம் எடுக்க மட்டும் முடியாதுங்க. கலியாணத்தன்னைக்கு ஸ்டூடியோக்காரரு பளிச்சுன்னு லைட்டு அடிச்சதுல மூடுன கண்ணு, இன்னி வரைக்கும் ஒரு படத்துலயும் தொறக்கலை. அவ ஊட்டுக்காரரு காப்பி எஸ்டேட்ல ஆளுங்க கணக்கு எழுதற ரைட்டரு, வயசாகியும் மொதலாளி வுடலை. மக கலியாணத்துக்கு வெச்ச பிளெக்ஸ்ல ரெண்டு பேரும் சோடியா நின்னாங்க, இவ கண்ணு மட்டும் மூடியிருந்துச்சு. பஸ்ஸவுட்டு எறங்குன ஒருத்தரு அதைப் பாத்துப்போட்டு, ரைட்டரண்ணன் கையைப் புடிச்சுகிட்டு "அம்மா எப்பங்க தவறுனாங்க?"ன்னு கேட்டாரு. அம்மா பக்கத்துலயே பட்டுச்சேலை கட்டி நிக்கறா!

இப்ப அவிங்களுக்கு அம்பதாவது கலியாண நாளு வருது. மாதா கோயில்ல பூசை, பஸ் ஸ்டாப்புல பிளெக்ஸ்னு புள்ளைங்க முடிவு பண்ணிட்டாங்க. கண்ணு மூடுன படத்தை வெச்சா பூசைக்கே வரமாட்டேன்னு பிலோமினா ஒரே புடியா நின்னுகிட்டா. கண்ணு தொறந்தாப்பல ஒரு படம் எடுத்துத் தர்ற பொறுப்பு எந் தலையில. முடியாமப் போச்சுன்னா அப்பா படத்தை மட்டும் வெச்சுக்கலாமான்னு மக கேட்டா. அதுக்கு இவ சொன்னது: "அவரு மட்டும் தனியா நின்னா அதுவும் கண்ணீர் அஞ்சலிதான்டி!"

வெள்ளக்கடை காதுகுத்து

வெள்ளக்கடைங்கற ஊருல ஒரு காதுகுத்துக்குக் கூப்புட்டிருந்தாங்க. நல்ல சனம். அந்த ஊட்டுல அன்னைக்கு ஒரு சாமைச் சோறு ஆக்கியிருந்தாங்க பாருங்க, அதுக்கு ஊத்துன அவரைக்கொட்டைக் கொழம்பு இன்னும் நாக்குலயே நிக்குது. அது கெடக்கட்டும். தாத்தா, மாமன், அத்தைங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு நாலஞ்சு படம் எடுத்தேன். இந்தக் கேமராவுல சத்தமே வராது. எடுத்துட்டு நான் கேமராவ மடியில முடிஞ்சுகிட்டேன்.

அவிங்க நகரவே இல்லை. மாமன் தோள்துண்டை இன்னொருக்கா சரி பண்றாரு. அத்தைக்காரி வவுத்தை எக்கிப் புடிச்சுகிட்டே நிக்கறா. புள்ளை காது வலியில கத்துது. இவிங்க ஏன் கலையாம நிக்கறாங்கன்னு எனக்கு ஒண்ணும் வெளங்கலை, பிலோமினா மூஞ்சியப் பாக்கறேன், அவளும் முழிக்கறா. கடைசில அந்தத் தாத்தாதான் நொம்ப மரியாதையா கேட்டாரு: "ஏனுங்க, கேமரா எப்பங்க வரும்?"

காப்பிக் களம்

ரைட்டரண்ணன் சிரிக்காத மனுசன். சிரிச்சா ஆளுங்க வேலை செய்யமாட்டாங்கன்னு சின்ன வயசுல எவரோ சொல்லிக் குடுத்துட்டாங்க போல, ஊட்டுலயும் அதே மூஞ்சிதான். அவரு ஒருநாள், காப்பிப் பழம் களத்துல காயுது, மொதலாளிக்கு அனுப்போணும், ஒரு படம் எடுங்கன்னாரு. எடுத்தேன். பாத்தா களம் கருப்பு வெள்ளை, ஆளுங்க கருப்பு வெள்ளை, மரம் மட்டை எல்லாம் கருப்பு வெள்ளை, பழம் மட்டும் செக்கச் செவேல்னு இருக்குது! எங்கியோ எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கேன்.

அண்ணனுக்கு அவசரம், அப்படியே சேலத்துல இருக்கற மொதலாளிக்கு அனுப்பிட்டாரு. அவரும் ஒடனே போன் பண்ணிட்டாரு. அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டுப்போட்டு அட்டென்ஷன்ல நிக்கறாரு. மொதலாளி சொன்னாரு: "ரைட்டரே, பழம் நல்லா பழுத்திருக்குதுங்க. ஆளுங்களுக்கெல்லாம் என்னங்க நோவு?"

கறிச்சோறு

அந்தச் செவப்பைப் போக்கறதுக்கு ராத்திரி பகலா கண்டதையும் அமுக்குனேன். அது போச்சு, ஆனா வேற ஒண்ணு வந்து ஒட்டிக்கிச்சு. நான் அமுக்குனாலும் எடுக்குது, அமுக்காட்டியும் எடுக்குது. பேயி கீயி புடிச்சிருச்சான்னு பிலோமினா செபமாலையை எடுத்து அது மேல சுத்தி வெச்சா. அப்பவும் ஒரு படம் எடுத்துச்சு, நான் சிரிச்ச படம்.

எங்க கோயில்ல ஒரு புள்ளைக்குப் புதுநன்மை, மொதமொதல்ல நற்கருணை வாங்கற நாளு. விருந்துல எல்லாரையும் நிக்க வெச்சு எடுத்தேன், எல்லாரும் போலீஸ் ஸ்டேசன்ல நிக்கறாப்பல நின்னாங்க. அப்புறம் பசி. கேமராவ தண்ணி டிரம் மேல வெச்சுப்போட்டு கோழிக்கறிச் சோத்துக்கு உக்காந்துட்டேன். திரும்பி வந்து பாத்தா கார்டு ரொம்பிக் கெடக்குது! எலும்பு கடிச்சுகிட்டே சிரிக்கறவரு, புள்ளைக்கு ஊட்டிகிட்டே சிரிக்கறவ, ஃபாதர் பாயாசத்தைப் பாத்துச் சிரிக்கறாரு. பையனுக்குப் போன் பண்ணுனேன். "யாராச்சும் பல்லு தெரிய சிரிச்சா அதுவே எடுத்துக்கும்மா, நீ அதை அமுக்கி வெச்சிருக்கே. மூணாவது எழுத்துக்குப் போய் அணைச்சுரு"ன்னான். எல்லாமே மூணாவது எழுத்தாட்டந்தான் இருக்குது சாமி, எதைன்னு அணைக்கறது? அப்படியே வுட்டுட்டேன்.

படத்தையெல்லாம் காட்டுனப்ப விருந்து குடுத்த அம்மா ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. அப்புறம் எங் கையைத் தட்டிக் குடுத்துச் சொன்னாங்க: "அக்கா, நீங்க நின்னு எடுத்ததைவிட சாப்புட்டுகிட்டே எடுத்தது நல்லாருக்குதுங்க."

சில்வர் ஓக் மரத்தடி

நாளைக்குள்ள படம் வரலைன்னா பிளெக்ஸ் அடிக்க முடியாதுன்னு அடிவாரத்துத் தம்பி சொல்லிட்டாரு. அன்னைக்கு ஞாயித்துக்கெழமைப் பூசை முடிஞ்சு வந்த கையோட ரெண்டு பேரையும் அவிங்க ஊட்டுக்குப் பின்னால, மொளகுக்கொடி ஏறுன சில்வர் ஓக் மரத்தடியில நிறுத்துனேன். பனி எறங்கிட்டிருந்துச்சு. கேமரா எடுக்கறதுக்கு முன்னால ஆரஞ்சு கலர்ல ஒரு சின்ன லைட்டு எரியும், அதைக் கண்டதும் இவ கண்ணு மூடிக்குது. லைட்டு மேல பிளாஸ்திரி ஒட்டுனேன். என் வெரலு அசையறதைப் பாத்து மூடுனா. வெரலை முந்தானைக்குள்ள மறைச்சேன். அப்ப எப்ப எடுப்பேன்னு தெரியலைன்னு மொத்தமாவே மூடிகிட்டா! ஒண்ணு ரெண்டு மூணு எண்ணறேன் புள்ளைன்னேன். ரெண்டுலயே மூடிட்டா. அண்ணன் கல்லாட்டம் நிக்கறாரு.

எனக்குக் கை கடுத்துப்போச்சு. கேமராவ கல்லுச் செவுத்து மேல வெச்சுப்போட்டு ஒக்காந்தேன். அவ்வளவுதான், பிலோமினாவுக்கு வந்துச்சே கோவம்! கையை நீட்டிகிட்டு கேமராவப் பாத்தே கத்தறா. "இத்தனூண்டு டப்பா, இதுக்கு நான் மரியாதை செய்யோணுமா? உங்க பையனுக்கு ஜப்பான்ல வேற சாமானே கெடைக்கலையா? எல்லாம் இந்த மனுசனால வந்தது. அன்னைக்கே அந்த ஸ்டூடியோ வேண்டாம்னு எங்கப்பன் சொன்னாரு, இவரு கேட்டாரா? ஃபாதர் கிட்டச் சொல்லிருங்க, பூசைக்கு நான் வரலை!" சொல்லிப்போட்டு வெடுக்குன்னு ஊட்டுக்குள்ள போயிட்டா. போறப்ப கோழி ஒண்ணு காலுக்குள்ள வந்துச்சு, அதுக்கும் ரெண்டு திட்டு.

இனி நாளைக்கு என்னத்தைக் குடுக்கறதுன்னு கேமராவ எடுத்தா, உள்ள கடைசியா புதுசா ஒரு படம் இருக்குது. நான் அதைத் தொடவே இல்லீங்க. பிலோமினா கையை நீட்டிகிட்டு நிக்கறா, கண்ணு ரெண்டும் முட்டையாட்டம் தொறந்திருக்குது. பக்கத்துல ரைட்டரண்ணன் பல்லு மொத்தமும் தெரிய சிரிக்கறாரு! அவ கத்தறப்ப இந்த மனுசன் சிரிச்சிருக்காரு, நான் கவனிக்கவே இல்லை. அண்ணங்கிட்டக் காட்டுனேன். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுப் போட்டுகிட்டு நொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மொல்லமா சொன்னாரு: "இதையே குடுங்க அம்மிணி. அவகிட்ட மட்டும் இப்ப காட்டாதீங்க, கண்ணு தொறந்துருச்சு, வாயி மூடலைன்னு சண்டைக்கு வருவா."

பஸ் ஸ்டாப்பு

பஸ்ஸேறி அடிவாரம் போய்க் குடுத்துப்போட்டு வந்தேன். வளைவுல எல்லாம் எலுமிச்சம்பழத்தை மோந்துகிட்டு, பிலோமினாவையே நெனைச்சுகிட்டு வந்தேன். அவளைக் கேக்காமக் குடுத்துட்டமே, அதைப் பாத்துட்டு நெசமாவே பூசைக்கு வராமத் திரும்பிட்டா என்ன பண்றது? புள்ளைங்க சாப்பாடு சொல்லிட்டாங்க, ஊரே வருது.

பூசையன்னைக்குக் காத்தால எல்லாரும் நடந்தே கோயிலுக்குப் போறோம். பஸ் ஸ்டாப்பு முக்கு திரும்புனதும் பனிக்குள்ளருந்து மொதல்ல அவ நீட்டுன கை தெரிஞ்சுது, அப்புறம் கண்ணு, அப்புறம் அண்ணன் பல்லு. டீக்கடையில இருந்தவிங்க டம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க. பிலோமினா நின்னுட்டா. பட்டுச்சேலைத் தலைப்பைக் கையில சுருட்டிப் புடிச்சுகிட்டு மேல பாத்தபடியே நிக்கறா. கோயில் மணி அடிக்குது, அவ நகரலை. நான் மாதாவை வேண்டிகிட்டேன். அண்ணன் எனக்குப் பின்னால ஒளியறாரு.

அப்புறம் திரும்பி, எங்களையெல்லாம் வுட்டுப்போட்டு அவரை மட்டும் பாத்து, கையைப் புடிச்சுக் கோயிலுக்கு இழுத்துகிட்டே சொன்னா பாருங்க: "கோவத்துலயும் நான் இவ்வளவு அழகா இருக்கறனா? அதானா இந்த மனுசன் அம்பது வருசமா எனக்குப் பயப்படவே இல்லை!"

இந்தக் கேமராவுல நான் எடுத்ததுலயே நல்ல படம் எதுன்னு யாராச்சும் கேட்டா, நான் எடுக்காத அந்த ஒண்ணைத்தானுங்க காட்டறேன்.