கைகள் மட்டும்

ஏழாயிரம்பண்ணை விலக்கில் பட்டாசுக் கம்பெனி வேனுக்காகப் பெண்கள் காத்து நிற்கிறார்கள். என் கேமரா பையைக் கண்டதும் பேச்சு நின்றுபோகிறது. இவர்களோடு தங்கி முதன்முதலில் ஆவணப்படம் எடுத்தவரைப் பற்றி எழுத வந்திருப்பதாகச் சொல்லி, எல்லோரும் பாராட்டும் அந்தக் காட்சியின் புகைப்படத்தை நீட்டுகிறேன். வெடிக்குத் திரி வைக்கும் இரண்டு கைகள், ஒன்றில் தீத்தழும்பு.

ஒருத்தி அதை வாங்காமலே எட்டிப் பார்க்கிறாள்.

“நல்ல மனுசருதான். எங்க வீட்டுலதான் சாப்பிட்டாக. மூஞ்சி தெரிஞ்சா வேலை போயிரும்னு கையை மட்டும் எடுத்தாக.”

“அப்புறம்?”

“இந்தத் தழும்பு வேற யாருக்கு இருக்கு? படம் வந்ததும் கம்பெனியில வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக. இப்பத்தான் வேற கம்பெனியில சேந்திருக்கேன். நீங்க என்னத்த எடுக்க வந்திருக்கீக?”

எழுதத்தான் என்கிறேன். அவள் பார்வை பையை விட்டு அகலவில்லை.

வேன் வருகிறது. ஏறுவதற்குக் கம்பியைப் பிடிக்குமுன், முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்கிறாள்.