மாசாய் மாராவில் ஒரு கரியாலூர்க் கண்

நைரோபியில் நர்சாக இருக்கும் எங்கள் மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்ததால், போன ஆகஸ்டில் நானும் என் மனைவி அஞ்சலையும் கென்யா போய் வந்தோம். கிளம்பும்போதே அஞ்சலை ஒரு கண்டிஷன் போட்டாள். கல்யாணத்துக்கு முன் மலைமேல் இருக்கும் கரியாலூரில் அவள் ஆடு மேய்த்ததைப் பற்றி அங்கே நான் வாயே திறக்கக் கூடாது. மகளுக்குக் கௌரவக் குறைச்சலாம்.

காலை 5.10க்குக் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, மதியத்துக்குள் சென்னை விமான நிலையம். நைரோபியிலிருந்து மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் 270 கிலோமீட்டர், ஜீப்பில் ஆறு மணி நேரம். ரெண்டு நாளைக்கு வண்டி, தங்கல், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 95,000 ரூபாய். ஜாஸ்திதான், ஆனால் வயிறு எரியவில்லை.

நான் ஒரு மாசம் மறிமான் என்கிற ஆன்டிலோப் வகைகளைப் பற்றிப் படித்துவிட்டுப் போயிருந்தேன். பின்பக்கம் கறுப்புக் கோடு இருந்தால் இம்பாலா. கரையான் புற்றின் மேல் ஏறிக் காவல் நிற்பது டோபி. மாடு மாதிரி உடம்பு இருந்தால் ஈலாண்ட். விலாவில் கறுப்புப் பட்டையோடு ஓயாமல் வாலாட்டுவது தாம்சன் கெசல். வழியெல்லாம் அளந்துவிட்டேன். அஞ்சலை பைனாகுலரை இறக்காமல் சும்மா உம் கொட்டினாள்.

ரெண்டாம் நாள் காலை 7.20. நாங்கள் போன தனியார் காப்புப் பகுதியில் வண்டி தடத்தை விட்டு இறங்கலாம். டிரைவர் ஜோசப் ஜீப்பைத் திருப்புவதற்குப் புல்லுக்குள் விட்டார். அஞ்சலை அவர் சீட்டைப் படபடவென்று தட்டினாள். வண்டி நின்றது. என்ன ஆச்சு என்றேன்.

"அந்த மானைப் பாருங்க. மேயாம நம்ம சக்கரத்தையே பாத்துக்கினு நிக்குது. குட்டிய இங்கதான் எங்கயோ படுக்க வச்சிருக்குது."

ஜோசப் எட்டிப் பார்த்தார். முன் சக்கரத்துக்கு ரெண்டு முழம் தள்ளி, காதை மடக்கி, மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தது ஒரு கெசல் குட்டி. ஜோசப் மெதுவாக வண்டியைப் பின்னால் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் தாய் வந்து பால் கொடுத்தது.

பதினாறு வருஷமாக இங்கே ஓட்டுகிறேன், எனக்குத் தெரியவில்லையே, அம்மா எங்கே படித்தார்கள் என்று ஜோசப் ஆங்கிலத்தில் கேட்டார். அதைத் தமிழில் அவளிடம் சொல்லிவிட்டு முழித்தேன். கண்டிஷன் இருக்கிறதே!

"மலையில ஆடு மேய்ச்சேன்னு சொல்லுங்க," என்றாள் அஞ்சலை. "நாப்பத்திரண்டு ஆடு. அதையும் சொல்லுங்க."

மறுநாள் நைரோபியில் மகளின் ஆஸ்பத்திரித் தோழிகளிடம் யாரும் கேட்காமலே, மகளையே மொழிபெயர்க்க வைத்து அந்தக் கதையை ஆரம்பித்தாள்.

போகிறவர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். காலையில் ஸ்வெட்டர் வேண்டும். கூட வருகிறவர்களில் ஆடு மேய்த்தவர் யாராவது இருந்தால் முன் சீட்டு அவருக்கு. புத்தகம் படித்தவர் பின்னால் உட்காரலாம். நான் உட்கார்ந்தேன், அவ்வளவு பெருமையாக.