வருகை வாசலில் தனசீலன் அண்ணாச்சி

தாராவியில் எங்கள் சந்துக்காரர் பிள்ளை யாராவது வெளிநாட்டிலிருந்து அவசரமாக வருகிறான் என்றால், விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவது தனசீலன் அண்ணாச்சிதான். அவரிடம் டாக்சி இருந்தது என்பதால் மட்டுமல்ல. தகப்பன் செத்த செய்தியை யாரும் போனில் சொல்வதில்லை. ‘சீரியஸ்’ என்று சொல்லித்தான் வரவழைப்பார்கள். அந்தப் பொய்யை விமான நிலைய வாசலிலிருந்து உடையாமல் கொண்டுவர அவரால்தான் முடிந்தது.

“வாசல்ல வச்சே சொல்லிட்டா என்ன அண்ணாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சொன்னா அவன் பெட்டியை யாருடே தூக்குவா, நீயா? பி.காம் படிச்ச கை நோவும்லா” என்று சிரித்தார்.

அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது, அண்ணாச்சி வீட்டு மேல்தளத்தில்தான் இடம் கிடைத்தது. “பட்டதாரிக்கு இன்னொரு துண்டு மீன் வை” என்பார் அவர். “பட்டம் வாங்கி என்ன, முள்ளு எடுக்கத் தெரியலையே” என்பார் அவர் மனைவி ஏஞ்சலம்மாள் அக்கா. ஆனாலும் வைப்பார்.

அண்ணாச்சி நாசரேத்துக்காரர். பத்தொன்பது வயதில் வந்து தோல் கிடங்கில் சுமை தூக்கியவர், பிறகு டாக்சிக்கு மாறினார். அவரோடு நானும் சிலமுறை போயிருக்கிறேன். வருகிறவன் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

“பேச்சு இருக்கா அண்ணாச்சி?”

“நேத்துகூடப் பேசினாவளே.”

“போன் போட்டுக் குடுங்களேன்.”

“ஐசியூல போன் உடமாட்டான்டே.”

சயான் ஆஸ்பத்திரிக்கு நேரே போகவேண்டிய வண்டி எங்கள் சந்துப் பக்கம் திரும்பும்போது பின்னிருக்கையில் அழுகை வெடிக்கும். அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமல் ஓட்டுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், அலுவலகத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு ஜெனி போன் செய்தாள். “அக்கா குழாயடியில விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அண்ணாச்சி ஏர்போர்ட்லதான் சவாரிக்கு நிக்காங்க. நீ கூட்டிட்டு வா. வண்டிய மட்டும் ஓட்ட விட்டுராத.”

டாக்சி வரிசையில், ஜமால் என்கிற டிரைவரோடு அவர் வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அக்காவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்காம்.”

அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான், யாரிடம் போய்ச் சொல்கிறேன் என்பது உறைத்தது. அவர் மிச்ச வடாபாவை மடித்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

“வண்டி கெடக்கட்டும் அண்ணாச்சி. டிராஃபிக். மெட்ரோல போயிரலாம்.”

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வண்டியைப் பூட்டிச் சாவியை ஜமாலிடம் கொடுத்தார்.

பூமிக்கடியில் ரயில் குளிர்ந்து கிடந்தது. சாந்தாகுரூஸ் தாண்டியதும் அவர் கேட்டார்.

“பேச்சு இருக்காடே?”

“காலையிலகூட...” என்று இழுத்தேன்.

“போன் போட்டுக் குடேன்.”

“ஐசியூல போன் உடமாட்டாங்க அண்ணாச்சி.”

அவர் மெல்லத் தலையாட்டினார். “ஆமா. உடமாட்டான்.” சட்னி காய்ந்திருந்த கையால் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாராவி நிலையத்தில் மேலே ஏறி, சயான் ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு டாக்சியை நிறுத்தினேன்.

“வேண்டாம். வீட்டுக்கே போவோம்” என்றார். பிறகு, “ஸ்டெர்லினுக்கு என்ன சொல்லிருக்கிய?”

ஸ்டெர்லின் அவருடைய ஒரே மகன், தோஹாவில் இருந்தான்.

“சீரியஸ்னு...”

“சரி. நானே போய்க் கூட்டிட்டு வாரேன்.”

வீட்டில் எல்லாரும் தடுத்தார்கள். போதகரும் சொல்லிப் பார்த்தார். “ஊரான் பிள்ளைக்கெல்லாம் நான் போனேன். எம்பிள்ளைக்கு மட்டும் வேற ஆளா?” என்றார் அண்ணாச்சி.

மறுநாள் காலையில் இருவரும் மெட்ரோவில் போனோம். ஜமாலிடமிருந்து சாவியை வாங்கி டாக்சியைத் திறந்தபோது, அந்த வடாபாவ் வைத்த இடத்திலேயே எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

வருகை வாசலில், எப்போதும் நிற்கும் கம்பித் தடுப்பின் ஓரத்தில் போய் நின்றார். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். “பேச்சு இருக்கான்னு கேப்பான்” என்று என்னிடம் சொன்னார். “நேத்துகூடப் பேசினாள்னு சொல்லணும்.”

ஸ்டெர்லின் தள்ளுவண்டியோடு வெளியே வந்தான். கூட்டத்தில் யாரையோ தேடிய கண்கள் அண்ணாச்சி மேல் வந்து நின்றன. வண்டி அப்படியே நின்றது. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

அவன் எதுவும் கேட்கவில்லை.

“வாசல்ல நீங்க மட்டும் நிக்கப்பிடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன்ப்பா” என்றான்.

அண்ணாச்சி குனிந்து அவன் பெட்டியைத் தூக்கினார்.