கத்தியை மடித்து வைத்த பிறகு

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் ஆம்பளைகள் எல்லோருக்கும் இயேசுநாதர் கதை தலைகீழ்ப் பாடம். ஆனால் எங்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. எல்லாம் எங்களுக்கு முடி வெட்டிய மாயாண்டியின் கைங்கரியம்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு யாக்கோபு என்று பேர் வைத்தார்கள். பழைய பேரை விட மனமில்லாமல் நாங்கள் இரண்டையும் சேர்த்து யாக்கோபு மாயாண்டி என்றோம். ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில், இஸ்தோப்புத் திண்ணையில் பலகையைப் போட்டு உட்காருவார். நாங்கள் வரிசையாகப் போவோம். முகத்தில் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்த பிறகுதான் பிரசங்கம் ஆரம்பமாகும்.

"இயேசு சாமி எல்லாருக்கும் பொதுங்க. சரிதானுங்களே?"

அந்த நேரத்தில் இல்லையென்று தலையாட்ட எவனுக்குத் துணிச்சல் வரும்? "ம்" என்போம்.

கதையில் மும்முரமாகிவிட்டால் அவர் கை நின்றுவிடும். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு ஓடிப்போன ஊதாரிப் பிள்ளையின் கதையைச் சொன்ன அன்று, செல்லசாமி ஒரு கன்னம் வழித்தும் மறு கன்னத்தில் நுரை காய்ந்தும் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். பிள்ளை வீடு திரும்பி, அப்பன் விருந்து ஆக்கிப் போட்ட பிறகுதான் மறு கன்னத்துக்குக் கத்தி வந்தது. அதுவரைக்கும் செல்லசாமி அந்தப் பிள்ளையைத் திட்டாத திட்டில்லை, எல்லாம் மனசுக்குள்தான்.

கத்திக்குப் பயப்படாமல் பதில் பேசியவர் மாரியம்மன் கோயில் காரியங்களைப் பார்த்த வீரய்யா ஒருவர்தான். இருவரும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அது எங்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை இல்லையென்று ஆக்கிவிட்ட காலம். இங்கே இருப்பவன் இந்தியாவுக்குப் போ என்றான், அங்கே இருப்பவன் நீ யார் என்றான். யாக்கோபு அதையும் விட்டுவைக்கவில்லை.

"அண்ணே, பரலோகத்துல பிரஜாவுரிமை கேக்க மாட்டாங்க."

"அங்கயும் ஒரு கந்தோர் இருக்கும்ப்பா. வாசல்ல ஒரு கிளாக்கரு ஒக்காந்துக்கிட்டு, போயிட்டு நாளைக்கி வான்னு சொல்லுவான். செவிடன் காதுல சங்கு ஊதுறியே, ஒனக்கு வாய் வலிக்கலையா?"

"ஊதுற சங்க ஊதி வைக்கிறேண்ணே. விடியறப்ப விடியட்டும்."

இப்படி வாயாடினாலும் மனுசனுக்கு உள்ளே ஒரு குறை இருந்தது. ஒருநாள் என் முகத்தை வழித்து முடித்துவிட்டு அவரே சொன்னார். காய்ச்சலில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் தினமும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாராம். அதில் மாயாண்டி, மாயாண்டி என்று தன் பேர் வருவது இவர் காதில் விழுந்திருக்கிறது.

"யாருகிட்டங்க எனக்காகக் கேக்குறீங்கன்னு நாந்தான் கேட்டேன். அவரா ஒண்ணும் சொல்லல. நான் கேட்டேன், அவரு சொன்னாரு. இங்க நீங்கள்லாம் கழுத்துல கத்தி இருக்கிறப்ப ம்முங்கிறீங்க. கத்திய எடுத்தா துண்ட ஒதறிக்கிட்டுப் போயிடுறீங்க. ஒரு ஆளாவது தானா ஒரு கேள்வி கேட்டாப் போதும். வீரய்யா அண்ணன் கேட்டா அதவிட வேற என்னங்க வேணும் எனக்கு?"

"நீங்க வாய மூடுனாத்தானே நாங்க கேக்க முடியும்?" என்றேன்.

சிரித்தார். மூடவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் வீரய்யாவின் மகள் பூரணியுடைய பெண்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்துக்கு அது மசியவில்லை. பிள்ளை பிழைத்தால் திருவிழாவில் அதன் முடியை இறக்குவதாக வீரய்யா அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். எந்நேரமும் கேலி பேசுகிறவர் வாயடைத்துக் கிடந்ததில் லயமே வெறிச்சென்று இருந்தது. கடைசியில் காய்ச்சல் இறங்கி, பிள்ளை எழுந்து உட்கார்ந்தது.

ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து கோயில் நேர்த்திக்கடனுக்கு யாக்கோபு கத்தி எடுப்பதில்லை. கூடாது என்று பாதிரியார் சொல்லியிருந்தார். அதனால் திருவிழாவுக்கு பஜாரிலிருந்து வேறு ஆள் வருவார். அந்த வருசம் வந்தவர் மத்தியானத்துக்குள்ளேயே நன்றாக ஊற்றிக்கொண்டு கோயில் பின்புறம் மல்லாந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். கத்தி பிடித்த கை காவடி ஆடியது. அந்தக் கையில் பச்சைப் பிள்ளையின் தலையைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? தேர் சுற்றி வருவதற்குள் முடி இறக்காவிட்டால் நேர்த்தி தவறிவிடும்.

வீரய்யா பேத்தியைத் தூக்கிக்கொண்டு, பூரணி தாம்பாளத்தோடு பின்னால் வர, யாக்கோபின் வாசலுக்கு நடந்தார். நாங்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கப் போனோம். இத்தனை வருசக் கேலிக்கும் வட்டியும் முதலுமாக இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று எனக்கு ஒரே குஷி.

"வேற வழியில்லப்பா யாக்கோபு," என்றார் வீரய்யா. அவர் கெஞ்சி நான் கேட்டது அன்றுதான்.

பிள்ளை கையை நீட்டி யாக்கோபின் துண்டைப் பிடித்து இழுத்தது.

"பாதிரியாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேண்ணே. பாப்பா தலைய வழிச்சு விடுறேன். முடிய எங்க கொண்டு போறீங்கன்னு நான் கேக்கல."

பூரணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். கத்தி தலையில் நடந்தது. நாங்கள் பிரசங்கத்துக்குக் காத்திருந்தோம். அவர் வாயே திறக்கவில்லை. பிள்ளை அசைந்துவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார். ஒரு கீறல் இல்லாமல் முடித்து, கத்தியைத் துடைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

வீரய்யா தாம்பாளத்தில் கிடந்த முடியை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கை வெற்றிலையில் வைத்து யாக்கோபிடம் நீட்டினார்.

"இது ஒங்க சாமிக்கு. பூரணி சொல்லுச்சு. பிள்ளைக்கி முடியாம கெடந்தப்ப தெனமும் எங்க வீட்டுக் காம்பராவுக்குப் பின்னால மழையில நின்னு, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டியாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. இந்த வாய வச்சுக்கிட்டு எப்பிடிப்பா சும்மா இருந்த? ரெண்டு பேருகிட்ட கேட்டு வாங்கிட்டு ஒருத்தருக்கு மட்டும் குடுக்கிறது மொறையா?"

எங்களில் யாருக்கும் இது தெரியாது. என் குஷி போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"எங்க சாமி முடியெல்லாம் கேக்க மாட்டாருண்ணே," என்றார் யாக்கோபு.

"பின்ன என்னதான் கேப்பாரு?"

வீரய்யா கேலிக்குக் கேட்கவில்லை. கையில் வெற்றிலையோடு பதிலுக்கு நின்றார். யாக்கோபு வாயைத் திறந்தார். வருசக்கணக்காக ஓயாத அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

வீரய்யா இஸ்தோப்பில் உட்கார்ந்தார்.

"மெதுவா சொல்லுப்பா. தேர் வர இன்னும் நேரமிருக்கு."

நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகம் திருவிழாவுக்காக முதல் நாளே வழித்தது. அன்றைக்கு நான் உட்கார்ந்தது சவரத்துக்கு இல்லை.