காலுறைக்குள் இருந்த புட்டி

ரெமி போசலேயின் நாக்கைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது. ஒரு மிடறு ஒயினை வாயில் வைத்தால் போதும், எந்த மலைச்சரிவில் விளைந்த திராட்சை, எந்த வருஷம், செய்தவன் சோம்பேறியா என்பது வரை சொல்லிவிடுவார். அதே நாக்கு மனிதர்களையும் விட்டுவைத்ததில்லை.

மகள் சொலேன்தான் திராட்சைத் தோட்டத்தில் அவருக்கு வலது கை. கொடி வெட்டுவது, மருந்து அடிப்பது, பீப்பாய் கழுவுவது எல்லாம் அவள். அறுவடைக்கு நாள் குறிப்பது மட்டும் அவர். போன வருஷம் விடாத மழையில் பூஞ்சை பிடித்துப் பாதிக் குலைகள் போய்விட்டன. மிச்சத்தையாவது பழுக்க விடலாம், வெயில் வரப்போகிறது என்று அவள் கெஞ்சினாள். இவருக்கோ மிச்சமும் போய்விடுமோ என்று பயம். "நாளைக்கே வெட்டு!" என்று கத்திவிட்டார். வெட்டி முடித்த மறுநாள் அடிக்கத் தொடங்கிய வெயில் ஒரு வாரம் அடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பீப்பாய்கள் பக்கமே அவர் போகவில்லை. கேட்டால் முட்டிவலி என்பார்.

ஜனவரியில் திராட்சைக்காரர்களின் புனிதர் வின்சென்ட் திருநாள். ஊர்வலம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர் லேயோன்ஸ் வீட்டில் மதியச் சாப்பாடு. வீட்டுக்கு ஒரு புட்டி ஒயினை, பழைய காலுறைக்குள் போட்டுக் கொண்டுவர வேண்டும். யாருடையது என்று தெரியாமலே குடித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பிள்ளை இல்லாத லேயோன்ஸ் தன் நிலத்தைக் குத்தகைக்கு விட நினைத்திருந்தார். சொலேனுக்குக் கொடுக்கலாம் என்று அரைமனதாகச் சொல்லியும் இருந்தார்.

சாம்பல் நிறக் காலுறை ஒன்று ரெமியிடம் வந்தது. குடித்தார். புளிப்பில் எந்தச் சரிவென்று அவருக்கே பிடிபடவில்லை. முகம் சுளித்து வாளியில் துப்பினார்.

"சே! பச்சக் காயப் புழிஞ்சு வச்சிருக்கான். இவனெல்லாம் உருளக்கெழங்கு போடப் போகலாம். மேகத்தப் பாத்ததும் நடுங்கிப்போய் வெட்டியிருக்கான், கோழப்பய!"

மேசையே சிரித்தது. லேயோன்ஸ் காலுறையை உருவினார். சீட்டு ஒட்டாத புட்டியில் சாக்குக்கட்டியால் 'போசலே' என்று சொலேனின் கையெழுத்து.

சிரிப்பு சட்டென்று நின்று, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. "சொலேன், வெதக்கெழங்கு எங்கிட்ட இருக்கும்மா, வேணும்னா சொல்லு!" என்றார் ஒருவர்.

ரெமிக்குக் காது மடல் வரை எரிந்தது. லேயோன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, அவ்வளவு அவசரமா வெட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

சொலேன் அப்பாவைப் பார்த்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் பெரியவரே," என்றாள். "பயந்துட்டேன்."

லேயோன்ஸ் "ம்" என்றார். நிலத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. கடைசியில் பரிமாறும் பாலாடைக்கட்டி வருவதற்குள் தலைவலி என்று சொலேன் எழுந்துகொண்டாள். ரெமியும் பின்னாலேயே கிளம்பினார்.

கொடிகளுக்கு நடுவே நடந்தார்கள்.

"ஏம்மா அதக் கொண்டாந்த?"

"நீங்க அதத் தொட்டுக்கூடப் பாக்கலியேப்பா. எப்பிடி இருக்குன்னு உங்க வாயால ஒரு தடவ கேக்கணும்னு தோணிச்சு."

ரெமி கூனிக் குறுகிப்போனார். ஐம்பது வருஷம் ஊரையே நாக்கால் அறைந்தவருக்கு, பெற்ற மகளுக்காக அந்த மேசையில் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் பொய் சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றியிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"இனிமே வெட்டுற நாள நீயே குறிச்சுக்கம்மா," என்றார் மெதுவாக.

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே."

கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். ரெமி வந்த வழியே லேயோன்ஸ் வீட்டுக்குத் திரும்பினார்.

உள்ளே எல்லோரும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணே, அவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. வெட்டச் சொன்னது நான். கோழப்பயன்னு சொன்னேனே, அது நாந்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. லேயோன்ஸ் சொலேனின் புட்டியை எடுத்து, மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காரு ரெமி. இந்தத் தடவ துப்பாமக் குடி."