மூடிக் கிடந்த பெயர்

ஐப்பசி மழை ஓய்ந்ததும் மாரியாத்தாள் சிமெண்டு வாங்கப் போவாள். கடைக்காரர் எடை போடுவதில்லை. ஒரு சிரட்டை அள்ளித் தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார். எதற்கு என்று கேட்கிற ஆள் ஊரில் யாரும் இல்லை.

மம்சாபுரத்தை ஒட்டிய அந்த ஊரின் பஸ் நிறுத்தத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக முதலில் நட்டது. பிறகு பர்மா, சீனா, பாகிஸ்தான் என்று ஒவ்வொரு சண்டைக்கும் பெயர்கள் கீழே இறங்கி வந்தன. பட்டாளத்தில் சேரப் போகிற பையன்கள் அதற்குத் திருநீறு பூசிக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். கல்லுக்கு ஒரு கட்டு உண்டு. உயிரோடு இருக்கிறவன் பெயர் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் அவன் ஆயுசைக் கல் தின்றுவிடும் என்பார்கள்.

கடைசி வரிசையில் இரண்டு பெயர்கள் சிமெண்டு பூசி மூடிக் கிடக்கின்றன. ஒன்றை ஊரே கூடி மூடியது. மற்றதை மாரியாத்தாள் மூடினாள்.

அவள் கணவன் வீரணனும் பக்கத்துத் தெரு ஜெயபாண்டியும் கூட்டாளிகள். ஒரே நாளில் பட்டாளத்துக்குத் தேறினார்கள். பங்களாதேஷ் சண்டையில் இருவரையும் காணவில்லை என்று ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுக்கும் தந்தி வந்தது. ஊர் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டுக் கருமாதி செய்து, கல்லில் இருவர் பெயரையும் கொத்தியது. மாரியாத்தாளுக்கும் ஜெயபாண்டியின் மனைவி ஆனந்தவல்லிக்கும் ஒரே கண்மாய்க்கரையில் தாலி இறக்கினார்கள். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த ஒரு வருடம் அவர்கள் ஒரே பாயில் படுத்தார்கள். ஒருத்தி அழுதால் மற்றவள் எழுந்து தண்ணீர் மோந்து கொடுப்பாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம், பாகிஸ்தான் சிறையிலிருந்து விடுபட்ட ஜெயபாண்டி, எலும்பும் தோலுமாக அதே நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

கல்லில் பெயர் இருக்கலாகாது என்று அன்றைக்கே சிமெண்டு குழைத்து மூடினார்கள். செத்தவனாகக் கருமாதி கண்டவன் மறுபடி பிறந்த கணக்கு என்பதால், மடவார் வளாகம் கோயிலில் வைத்து ஆனந்தவல்லிக்குப் புதுத் தாலி கட்டினான். மாரியாத்தாள் அந்தக் கல்யாணத்துக்கு உள்ளே போகவில்லை. வெளியே செருப்புகளுக்குக் காவல் போலத் தேரடியில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்தபோது வீரணனின் பெயரும் மூடியிருந்தது. பூச்சில் அவள் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? கல்லைத் தொடலாமா நீ?" என்று மாமனார் கத்தினார்.

"கூட்டாளி இருக்காருன்னு அவரு பேரை மூடுனீகள்ல. இவிய பேரை மட்டும் எதுக்குத் திறந்து போட்டிருக்கீக?" என்றாள். அதுவரை அவள் மாமனாருக்கு எதிரில் நின்று பேசியதில்லை.

ஊர்க்காரர்கள் சுரண்ட வந்தார்கள். ஜெயபாண்டி குறுக்கே போய் நின்றான். "அதுல கை வைக்காதீக" என்றான். திரும்பி வந்தவன் சொல்லை மீற யாருக்கும் மனம் வரவில்லை.

அதிலிருந்து வருடம் தவறாமல் மழைக்குப் பின் அவள் விரிசலைப் பூசினாள். ஜெயபாண்டி தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொடுப்பான். "மதினி, தண்ணி போதுமா?" என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும். அவள் சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போனாள். மாமனார் மாமியாரைக் கரையேற்றினாள். பூவும் பொட்டும் வைக்கவில்லை. ஆனால் கண்ணாடி வளையலை மட்டும் மறுபடி போட்டுக்கொண்டாள். "இது என்ன கூத்து?" என்று கேட்டவர்களிடம், "கை வெறுமையா இருந்தா துணி மடிக்க ஓடமாட்டேங்குது" என்பாள். முடி நரைத்தது. ஜெயபாண்டி கொரோனாவில் போனான். அடுத்த மழைக்கு அவளே குழைத்தாள். தண்ணீர் கூடிப்போய் வழிந்தது.

இந்த வருடம் ரோட்டை அகலப்படுத்த அளவுக்கல் நட்டார்கள். தூண் நடுவில் வந்தது. அதை எடுத்துப் பஞ்சாயத்துக் கிடங்கில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து வாசலில் கறுப்புக் கல்லில் புதிதாக எல்லாப் பெயரையும் கொத்துவதாக முடிவாயிற்று. முன்னாள் படைவீரர் சங்கத்துச் சுப்புராஜ் மாரியாத்தாள் வீட்டுக்கு வந்தார். ராஜபாளையத்துக்காரர், மென்மையாகப் பேசுகிறவர்.

"ஆத்தா, ஜெயபாண்டி ஊட்டுல வச்சுச் செத்தவரு, அவரு பேரு புதுக்கல்லுல வராது. வீரணன் பேரைக் கொத்தவா, விடவா? நீங்க வாய் திறந்து சொல்லாம உளி வைக்க மாட்டோம். விட்டுட்டா பொறவு சேர்க்க முடியாது."

"நாளைக்குச் சொல்றேன்யா" என்றாள்.

வேண்டாம் என்றால் அப்படி ஒருவன் இருந்ததற்கே அடையாளமில்லை. கொத்துங்கள் என்றால், இத்தனை காலம் யார் சொல்லியும் கேட்காததைத் தன் வாயாலேயே சொன்னதாகும். அவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்திக்கு ஆனந்தவல்லி வந்தாள். குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"யக்கா, அவிய கடைசியில ஒண்ணு சொன்னாக. சொல்லட்டா?"

"சொல்லத்தானட்டி வந்திருக்க. சொல்லு."

"பஸ்ஸை விட்டு இறங்குன அன்னைக்கு நீ அவிய மூஞ்சியைப் பார்க்கலையாம். பின்னால யாரு இறங்குறாகன்னு பார்த்தியாம். 'உங்க கூட்டாளி பொறவு வாராகளா'ன்னு கேட்டியாம். 'ஆமா மதினி'ன்னு வாயில வந்துருச்சாம். வந்த சொல்லை அதுக்கப்புறம் திரும்ப எடுக்க முடியலைன்னாக."

மாரியாத்தாள் குழம்புச் சட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள்.

"கரும்புக் காட்டுல வச்சு, அண்ணன் தலை அவிய மடியிலதான் இருந்துச்சாம். ரொம்ப நேரம் கஷ்டப்படலையாம். வாய்க்கரிசிக்கு அங்க எங்க போக? சட்டைப்பையில கிடந்த பிஸ்கட்டைப் பொடிச்சு வாயில போட்டாகளாம். அவியளே குழி தோண்டி..."

மாரியாத்தாள் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"இனிப்பு பிஸ்கட்டாட்டி?"

"தெரியலையேக்கா."

"அந்த மனுசனுக்கு இனிப்பே ஆகாது" என்றாள். பிறகுதான் அழுதாள். ஆனந்தவல்லி எழுந்துபோய்த் தண்ணீர் மோந்து வந்தாள்.

மறுநாள் காலையில் கிரேன் வந்து நின்றது. தூணுக்குச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் மாரியாத்தாள் போனாள். கையில் ஒரு ஆணி இருந்தது.

"செத்த நேரம் பொறுங்கய்யா."

சுப்புராஜ் கை காட்ட, வண்டியை அமர்த்தினார்கள். அவள் கீழே குந்திப் பூச்சின் ஓரத்தில் ஆணியைக் கொடுத்து நெம்பினாள். வளையல் கல்லில் மோதி ஒன்று உடைந்தது. அவள் கவனிக்கவில்லை. அடிப்பூச்சு ஒரே பாளமாகப் பெயர்ந்து மடியில் விழுந்தது. அதன் முதுகில் வீரணனின் பெயர் இடவலம் மாறிப் புடைத்துக்கொண்டிருந்தது.

கல்லில் இருந்த மற்றப் பெயர்கள் எல்லாம் வெயிலும் மழையும் தின்று மங்கிப்போயிருந்தன. வீரணனின் பெயர் மட்டும் நேற்றுக் கொத்தியது போல, விளிம்பு கலையாமல் இருந்தது. உளி பட்ட இடத்து வெள்ளைகூட மாறவில்லை. அவள் விரலை எழுத்துகளின் பள்ளத்தில் விட்டு மெதுவாகத் தடவினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இப்படியே கொத்துங்கய்யா" என்றாள் சுப்புராஜிடம்.

பக்கத்தில் ஜெயபாண்டியின் பெயர் மேல் இருந்த பூச்சு ஓரத்தில் வெடித்துத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பெருவிரலால் அழுத்திச் சரிசெய்தாள். பிறகு பாளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆனந்தவல்லியின் தோளைப் பிடித்து எழுந்தாள்.